தோட்டம் கண்டிக்குப் போன வியாழக்கிழமை

இருநூற்றுப் பன்னிரண்டு ஏக்கர் தேயிலைத் தோட்டம் ஒன்றை ஒரு வியாழக்கிழமை காலையில் கண்டி டவுனுக்கு இறக்கி, ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குத் தூக்கிப்போய், பின்னேர மழைக்கு முன்பாக இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தவன் நான். ஒரு செடிகூட வாடவில்லை. வழியில் ஒரேயொரு அட்டை மட்டும் இறங்கிப் போய்விட்டது. அது இன்றைக்கும் கெட்டம்பேப் பக்கத்தில் சுகமாக இருப்பதாகக் கேள்வி.

நான் கூட்டிச் சொல்கிறவன் என்று தெல்தோட்டையில் ஒரு பேச்சு உண்டு. முப்பத்து நான்கு வருடம் தெல்தோட்டை - கண்டி பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து பென்ஷனில் வந்தவன். ஐம்பத்து நான்கு ஸீட் உள்ள பஸ்ஸில் முந்நூறு பேரை ஏற்றியவனுக்கு, ஒரு கதைக்குள் இன்னும் நாலு பேரை ஏற்றுவது பெரிய காரியமா? ஆனால் இந்தக் கதையில் நான் யாரையும் ஏற்றவில்லை. இடமே இருக்கவில்லை. மண்ணும் செடியும் நிறைந்திருந்தன.

தெல்தோட்டைக்கு மேலே ஆனைப்பாறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே மாசி மாதம் என்றால் காமன் கூத்து. அமாவாசை கழித்துக் கம்பம் ஊன்றிக் காப்புக் கட்டினால், பௌர்ணமியன்று காமனை எரிக்கும்வரை தோட்டமே கூத்தாகத்தான் இருக்கும். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் சாம்பலாவான். அவன் பெண்சாதி ரதி அழுது, சண்டை பிடித்து, உயிரைத் திருப்பி வாங்குவாள். ரதி வேடம் கட்டுகிறவன் ஆண்தான். மஞ்சள் நூல் மணிக்கட்டில் ஏறிவிட்டால் அவனுக்கு ஒரு நேரச் சாப்பாடு, தனிப் பாய். அதோடு ஒரு கட்டளை: காமன் எரியும்வரை தோட்டத்து மண்ணை விட்டுக் கால் எடுக்கக் கூடாது. எடுத்தால் காப்பு முறிந்தது. ரதியின் காப்பு முறிந்தால் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விட வேண்டும். மூன்று வருடத்துக்குத் திரும்ப ஊன்ற முடியாது. அந்தத் தோட்டத்து வழக்கம் அப்படி.

கூத்து அழிகிறது என்று யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள். ஆனைப்பாறையில் தப்பு மேளம் அடித்தால் டோஹாவில் தூங்குகிறவன் எழும்பி உட்கார்ந்து போனில் பார்க்கிறான். போன வருடம் பார்த்தவர்கள் நாற்பது லட்சம் பேர். (சரி, நானூறு.) ஆடுவதற்கும் ஆள் உண்டு. லீவுதான் இல்லை. மன்மதன் கொழும்பில் ஒரு பெரிய கடையில் சாமான் அடுக்குகிறான். வீரபத்திரன் இரவு வாட்சர். எமனுக்கு ஒரு வாரத்துக்கு மேல் லீவு கிடைக்காமல், போன வருடம் தர்மராஜா இரண்டு நாள் பிந்தித்தான் பாசக்கயிற்றை வீசினார்.

ரதி வேடம் துஷாந்துக்கு. கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் தண்ணீர்க் குழாய் போடும் வேலை. பதினொரு வருடமாகத் தற்காலிகம்.

செவ்வாய்க்கிழமை பத்து மணி இருக்கும். காட்டு வெயில். ஒரு நாளைக்கு நாலு தரம் டீ குடிக்காவிட்டால் எனக்குக் கால் ஓடாது. அதில் இரண்டாவது டீக்காகத்தான் துஷாந்தின் லயத்து வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அப்படியே நின்றுவிட்டேன்.

துஷாந்த் பலகையில் உட்கார்ந்திருந்தான். அவன் வலது கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு எதிரே அவன் பெண்சாதி இராஜகுமாரி. அவளுடைய மற்றக் கையில் கவ்வாத்துக் கத்தி. தேயிலை மரத்தைத் தறிக்கிற கத்தி அது, ஒரே வீச்சில் கொப்பு விழும். அதன் நுனி மஞ்சள் நூலுக்கும் அவன் தோலுக்கும் நடுவில் நுழைந்து நின்றது.

"அறுத்துருவேன்," என்றாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அறு," என்றான் அவன். "நானா அவுக்க மாட்டேன். நீ அறு."

"பழிய என் தலையில போடவா?"

"நீதானே கத்தி வச்சிருக்க."

அடுப்பில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. நான்தான் எட்டிப் புரட்டிப் போட்டேன். கத்தி பிடித்த பெண்ணிடம் ரொட்டியைப் பற்றிப் பேசக் கூடாது என்கிற அளவுக்கு எனக்குப் புத்தி உண்டு.

"என்னா புள்ள இது?" என்றேன்.

அவள் கண்ணைத் திருப்பாமல் மோவாயால் காட்டினாள். மேசையில் ஒரு கடிதம். வாசித்தேன். துஷாந்தின் வேலை நிரந்தரமாகிறது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அசல் பத்திரங்களோடு நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். வராதவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். காமன் எரிகிற பௌர்ணமியோ வெள்ளிக்கிழமை.

"பதினொரு வருஷம், மாமா," என்றாள் இராஜகுமாரி. "குழி வெட்டுனாரு, குழாய் போட்டாரு, அந்தக் குழாயில ஊரே தண்ணி குடிக்கிது. இவரு பேரு மட்டும் ஒரு புத்தகத்துல இல்ல. கூட வேல செஞ்ச ஒருத்தருக்குக் காலு ஒடைஞ்சப்ப, இவன் யாருன்னே தெரியாதுன்னுட்டாங்க. இப்ப கூப்புடுறாங்க. இவரு ரதியாம். வர முடியாதாம்."

"வர முடியாதுன்னு சொல்லல. ரெண்டும் வேணும்னேன்."

"ரெண்டு எப்புடிங்க கெடைக்கும்? நீங்க ஒரு ஆளுதானே!"

"கட்டுனது வாத்தியாரு. அவரக் கேளு."

வாத்தியார் அழகர் ஏற்கெனவே வந்து பின்னால் நின்றிருந்தார். கூத்தை நடத்துகிறவர் அவர்தான். அவருக்கும் காப்பு உண்டு, அவரும் எல்லை தாண்ட முடியாது. ஐம்பத்தைந்து வயது, தேயிலைத் தூள் நிறம், ஒரு சொல்லுக்கு மேல் பேசினால் வரி கட்ட வேண்டும் என்று நினைக்கிற மனிதர்.

"முடியாது," என்றார்.

"வாத்தியாரே, ஒரு நாளு..." என்றாள் இராஜகுமாரி.

"எல்ல தாண்டுனா முறிஞ்சிருச்சு."

"வேற ஆளுக்குக் கட்டுங்க!"

"கட்டுனது கட்டுனதுதான்."

"அப்ப எங்க சோத்துக்கு யாரு வாத்தியாரே பொறுப்பு? காமனா?"

அழகர் முகத்திலும் தூக்கம் இல்லாத கறுப்பு. பிடிவாதம் பிடிக்கிற மனிதர் என்று வெளியில் தெரியும். கம்பம் ஆற்றில் போவதை அவர் இரவெல்லாம் மனதில் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரிந்தது. கத்தி இன்னும் நூலுக்குள்ளேயே இருந்தது.  இப்படிப்பட்ட நேரத்தில் என் வாய் சும்மா இருக்காது. பஸ்ஸில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்தால் நான் ஒரு பகிடி விடுவேன், பிடி தளரும். அதே பழக்கத்தில் சொன்னேன்:

"அவன் தோட்டத்த விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதானே? அப்ப தோட்டத்தையும் கூட்டிக்கிட்டுப் போகட்டும்!"

ஒருவரும் சிரிக்கவில்லை.

துஷாந்த் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். இராஜகுமாரி பார்த்தாள். அழகர் பார்த்தார். வாழ்க்கையில் ஆயிரம் பொய் சொல்லி ஒருவரையும் நம்பவைக்காத நான், ஒரு பகிடி விட்டு மூன்று பேரை நம்பவைத்துவிட்டேன்.

"வெளங்கச் சொல்லுங்க," என்றார் அழகர்.

இனிப் பின்வாங்க முடியுமா? விளங்கச் சொன்னேன். தோட்டம் என்பது என்ன, கல்லா, கட்டடமா? மண். மண்மேல் தேயிலை. வேலை வாங்க ஒரு கங்காணி. இந்த மூன்றும் லொறியில் ஏறினால் அது தோட்டம். அதன்மேல் உட்கார்ந்திருக்கிறவன் எங்கே போனாலும் தோட்டத்தில்தான் இருக்கிறான்.

அழகர் வாசலில் இறங்கிக் கம்பம் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வெற்றிலை மென்று முடிகிற நேரம்.

"கால் ஒரு தரம் வெளி மண்ணுல பட்டாலும் முறிஞ்சது," என்றார். "பாக்குறதுக்கு அக்கா வரணும்."

இராஜகுமாரி கத்தியை எடுத்துவிட்டாள். ஆனால் "அக்கா" என்றதும் சொன்னதைத் திருப்பி வாங்கலாமா என்று பார்த்தேன்.

அழகரின் அக்கா வீரம்மா பெண் கங்காணி. கொழுந்துக் கூடைக்குள் முற்றின இலை ஒன்று ஒளிந்திருந்தால் மலையின் அடுத்த பக்கத்தில் நின்றே மணந்து கண்டுபிடிப்பாள். மனிதன் நிலாவுக்குப் போனதை இன்றுவரை ஒப்புக்கொள்ளாதவள். என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவள். எனக்குக் கல்யாணம் நடந்ததா என்று அவளுக்கு இன்னும் சந்தேகம்.

"ஏய் கொண்டக்டரு," என்றாள், விஷயத்தைக் கேட்டதும். "தோட்டம் லொறியில போவுமா? ஒங்க வாயி போற தூரத்துக்கு லொறி போவாது. சரி, வாரேன். முறிஞ்சா முறிஞ்சிருச்சுன்னுதான் வந்து சொல்லுவேன். என் தம்பின்னும் பாக்க மாட்டேன்."

புதன்கிழமை முழுவதும் மண் வெட்டினோம். கண்ட இடத்து மண் ஆகாது என்று வீரம்மா கறாராகச் சொன்னாள். பதினான்காம் நம்பர் மலையில், பழைய தேயிலை வேருக்கடியில், கறுத்து ஈரமாக இருந்த மண்தான். உரப் பையில் நிரப்பி, பெண்கள் தலையில் சுமந்து, சறுக்கல் பாதையில் வரிசையாக இறங்கினார்கள். மண்ணோடு அட்டைகளும் இலவசமாக வந்தன. கன்று வளர்க்கிற தவறணையிலிருந்து இருபது தேயிலைக் கன்று. மத்தியானம் ரொட்டியும் மிளகாயில் இடித்த கட்டச் சம்பலும். துஷாந்த் விரதம், தள்ளி உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். எரிப்பைத் தாங்க முடியாமல் நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்து அவன்தான் சிரித்தான்.

லொறி பஹீமுடையது. தெல்தோட்டையிலிருந்து கண்டிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிற பிள்ளை. நோன்பு மாதம் என்பதால் அவனும் பட்டினி.

"அங்கிள், மண்ணு, கன்னு, ஒரு பொம்புளக் கங்காணி, நடுவுல ரதி. இத ஏத்திட்டு நான் டவுனுக்குப் போற," என்றான். "நோம்போட ஒரு பொய் செல்ல ஏலா. பொலிஸ் மறிச்சா நான் என்னத்தச் செல்ற?"

"உண்மையச் சொல்லு. ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

"யா அல்லாஹ்! அதத்தான் நானும் யோசிக்கிற."

வியாழன் விடிந்து ஆறரைக்குப் புறப்பட்டோம். தார்ப்பாய் போட்ட லொறியின் பின்தட்டு முழுக்க ஒரு சாண் மண். இரு பக்கமும் கன்றுகள். நடுவே துஷாந்த் வெறுங்காலோடு, மடித்த வெள்ளைக் காற்சட்டையும் சேட்டும் போட்டுக் கதிரையில். அவன் எதிரே வீரம்மா சாக்கில் குந்தியிருந்தாள். இடுப்பில் கொழுந்தெடுக்கும்போது கட்டுகிற படங்குத் துணி. அவள் கண் அவன் இரண்டு பாதத்திலும் ஆணி அடித்ததுபோல் நின்றது. இராஜகுமாரி பத்திர ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். நான் முன்னால் பஹீமின் பக்கத்தில், பின்பக்க ஜன்னல் வழியே எல்லாம் தெரிந்தது. எல்லைக் கல்லுக்கு உட்பக்கம் அழகர் நின்றார். லொறி கல்லைத் தாண்டியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கலஹாவரை வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு கூடை மண் சரிந்தது. ஒவ்வொரு தரமும் இராஜகுமாரி கையால் அணைத்து அவன் காலடிக்குத் தள்ளினாள். முந்தாநாள் நூலை அறுக்க வந்த கை அது.

"அத்த, கண்ண ஒருக்கா சிமிட்டுங்க," என்றான் துஷாந்த்.

"நான் சிமிட்டுற நேரத்துல நீ கால மாத்தவா?" என்றாள் வீரம்மா.

பேராதனை தாண்டிக் கெட்டம்பேக்குக் கிட்ட பொலிஸ் மறித்தது. இளம் பொலிஸ்காரன். தார்ப்பாயைத் தூக்கியவன் கன்றையும் கதிரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மொனவத மே?" என்றான். என்ன இது?

பஹீம் என்னைப் பார்த்தான். நோன்பு வாய். "வத்தக், மாத்தயா," என்றான். தோட்டம் ஒன்று, ஐயா.

பொலிஸ்காரனின் முகம் மாறியது. மண் ஏற்றுவதற்குப் பெர்மிட் வேண்டும். அது எனக்குத் தெரியும், அந்த அவசரத்தில் மறந்துபோயிருந்தேன். பெர்மிட் எங்கே என்று கேட்டான். இல்லை. துஷாந்தைப் பார்த்துக் கையைக் காட்டினான்: "பஹின்ன." இறங்கு.

துஷாந்த் இறங்கவில்லை. கதிரையின் இரு கையையும் இறுகப் பிடித்துக்கொண்டான். பொலிஸ்காரன் இரண்டாம் தரம் சொன்னான், இந்த முறை குரல் உயர்ந்தது. பின்னால் ஹோர்ன்கள். மணி எட்டு ஐம்பது. வீரம்மாவோ இதில் தனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுபோல, ஒரு கன்றின் அடியில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். அது பொலிஸ்காரனின் சப்பாத்தில் விழுந்தது.

"வத்தே வெட," என்றாள். தோட்ட வேலை நடக்கிறது, தொந்தரவு செய்யாதே என்கிற தொனி.

அவன் புல்லைப் பார்த்தான், கன்றுகளை எண்ணினான். அப்போதுதான் நான் முன் ஸீட்டிலிருந்து இறங்கினேன். அவன் என் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவன். கண்டி மாவட்டத்தில் பாதிப் பேர் என் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர்கள். மற்றப் பாதிப் பேர் அதில் ஏற இடமில்லாமல் நடந்து போனவர்கள். அடையாளம் கண்டு அவன் முகம் கொஞ்சம் இளகியது. கன்று நிற்கிற மண் தவறணை மண், அதற்குப் பெர்மிட் தேவையில்லை என்று நான் எடுத்துச் சொன்னேன். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியவில்லை. போகச் சொன்னான். அந்தத் தடுமாற்றத்தில்தான் நான் முதலில் சொன்ன அட்டை இறங்கியிருக்க வேண்டும்.

கந்தோர் வாசலுக்கு வந்தபோது பத்துக்கு இன்னும் பத்து நிமிடம். இரண்டாம் மாடி. இதற்கும் யோசனை இருந்தது. இராஜகுமாரியின் நீல பிளாஸ்டிக் பேசினில் மண்ணை நிரப்பிக் கதிரையின் முன்காலோடு கட்டினோம், கைகாவலுக்கு ஒரு சாக்கு மண்ணைக் கதிரைக்கு அடியில் தொங்கவிட்டோம். துஷாந்தின் பாதங்கள் அந்த மண்ணில். நாலு பேர் நாலு காலைப் பிடித்தோம்: முன்னால் பஹீமும் நானும், பின்னால் இரண்டு பெண்களும். அறுபத்தேழு வயதில் நான் ஒற்றை விரலால் தூக்கினேன் என்று சொன்னால் வீரம்மா மறுப்பாள். தூக்கியது பெரும்பாலும் அந்த இரண்டு பெண்கள்தான். தினம் மலையில் சுமை சுமக்கிற கழுத்துகள். படியில் அவர்களுக்கு மூச்சே வாங்கவில்லை. நோன்புக்காரப் பிள்ளைக்குக் கால் நடுங்கியது. எனக்கு எல்லாமே நடுங்கியது.

வரிசையில் நாற்பது பேர். எங்களைக் கண்டதும் வழிவிட்டார்கள். "ஐயோ பாவம்," என்று யாரோ சிங்களத்தில் சொன்னார்கள். அந்தச் சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. தோட்டத்தைத் தூக்கிவந்த பெருமையில் இருந்தேன்.

கையெழுத்து மேசையில் இருந்த மேடம் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். தமிழ் தெரிந்தவர்.

"இவருக்கு நடக்க ஏலாதா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இது பைப் போடுற வேலை. கிடங்கு வெட்டி இறங்கணும். ஏலாதவருக்கு எப்பிடிக் குடுக்கிறது? மெடிகல் போர்டுக்குப் போகட்டும்." துஷாந்தின் ஃபைலை இடது பக்கக் கட்டிலிருந்து எடுத்து வலது பக்கக் கட்டின் மேல் வைத்தார். பதினொரு வருடமும் ஒரு முழத் தூரம் நகர்ந்து போனது.

"மெடம்! அவரு நல்லா நடப்பாரு!" என்றாள் இராஜகுமாரி. "இது சாமிக் கட்டு. கூத்து. தோட்டத்து மண்ண விட்டுக் கால் எடுக்கக் கூடாது."

"நடக்க ஏலுமா? அப்ப நடந்து வந்து சைன் வைங்க." மேடம் பேனாவை மேசையின் அந்த ஓரத்தில் வைத்தார். ஆறு அடி. நடுவில் மெழுகு பூசிய சிவப்புத் தரை, முகம் தெரிகிற மினுக்கம்.

இராஜகுமாரி புருஷனைப் பார்த்தாள். எழும்பி நட என்று சொல்ல வாய் திறந்தாள். நான் பார்த்தேன், திறந்தாள். வீரம்மா குந்தி உட்கார்ந்து அவன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. "நீ சொன்னா நடக்குறேன்," என்றான், மெல்ல.

அவளுடைய வாய் மூடிக்கொண்டது. பிறகு திறந்தபோது வேறு சொல் வந்தது.

"ஆடுங்க," என்றாள். "அங்கயே நின்னு ஆடிக் காட்டுங்க. காலு இருக்கான்னு இவங்க பாக்கட்டும்."

துஷாந்த் பேசினுக்குள் எழும்பி நின்றான். இராஜகுமாரி தோளிலிருந்த துண்டை அவன் தலையில் முக்காடாகப் போட்டாள். தாளம் வேண்டுமே! பக்கத்தில் ஒரு தகர அலுமாரி நின்றது. நான் இரண்டு கையாலும் தப்பு அடித்தேன். அந்த அலுமாரிக்குள்ளே பூட்டிக் கிடந்த ஃபைல்கள் எல்லாம் எழும்பி நின்றிருக்கும், அப்படி அடித்தேன்.

காமன் எரிந்த பிறகு ரதி வருகிற இடம் அது. பாட்டில்லாமல் ஆடினான். இடுப்பில் தொடங்கி, முழங்காலுக்கு இறங்கி, குதிகால் மண்ணைத் தட்டித் தட்டி எழும்பியது. இரண்டு பாத அளவு மண், அதற்குள் ஒரு மயானத்தையே சுற்றி வந்தான். புருஷனைக் கேட்டு நிற்கிற பெண்ணின் கழுத்து அவனுக்கு எங்கிருந்து வந்ததோ! மீசையோடு இருந்த முகத்தில் மீசை தெரியவில்லை. வரிசையில் நின்ற நாற்பது பேரும் போனைத் தூக்கினார்கள். பிறகு ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, வெறுங் கண்ணால் பார்த்தார்கள். மேடம் எப்போது எழும்பினார் என்று தெரியாது. கையெழுத்துப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவரே ஆறு அடி நடந்து வந்தார்.

அந்த நேரத்தில்தான் பேசின் வெடித்தது.

'டப்' என்று ஒரு சத்தம். நீலப் பிளாஸ்டிக் இரண்டாகப் பிளந்து மண் தரையில் ஓடியது. துஷாந்தின் தூக்கிய வலது கால் வெளியே இறங்கியது. நான் அலுமாரியில் அடித்த கையோடு கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இராஜகுமாரி முகத்தைப் பொத்தியிருந்தாள். பஹீம் "பட்டிச்சா? படல்லியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். துஷாந்த் சிலைபோல் நின்றான். மேடம் நீட்டிய புத்தகத்தில், நின்ற இடத்திலேயே, கையெழுத்து வைத்தான். கையெழுத்து மலைப்பாதைபோல் வளைந்து போயிற்று.

வீரம்மா தரையில் முழங்கால் போட்டு அவன் பாதத்தருகே குனிந்து நெடுநேரம் பார்த்தாள். கதிரையை நெருக்கி அவனை உட்காரவைத்து, காலைச் சாக்கு மண்ணுக்கு மாற்றிய பிறகு, சிந்திய மண்ணைப் படங்கில் கூட்டி அள்ளினாள். மெழுகுத் தரையில் ஒரு மணி மிச்சமில்லை. படங்கை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

திரும்பும் வழி முழுக்க அவள் வாய் திறக்கவில்லை. நான் இரண்டு ரோல்ஸ் வாங்கினேன், ஒன்றை நீட்டினேன், தள்ளிவிட்டாள். ஹிந்தகலைக்கு மேலே மலை கறுத்து இடி உருண்டது. நிரந்தரமான மனிதன் கதிரையில் குனிந்திருந்தான். அவன் பெண்சாதி மடியில் அந்தக் கடிதம். அதை அவள் ஒரு தரம்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

"அத்த," என்றாள், கலஹாவைத் தாண்டிய பிறகு. "பட்டுருச்சா?"

வீரம்மா வெளியே பார்த்தாள்.

"எங்கிட்ட மட்டும் சொல்லுங்க அத்த. நான்தான் ஆடச் சொன்னேன். நான்தான்..."

"தம்பிகிட்டதான் சொல்லுவேன்," என்றாள் வீரம்மா.

எல்லைக் கல்லில் தோட்டமே நின்றது. தப்புக்காரர்கள், வேலை விட்டு வந்த கொழுந்துக்காரிகள், கொழும்பிலிருந்து வந்து சேர்ந்த மன்மதன், லீவு கிடைத்த எமன். முன்னால் அழகர். பின்னால் கம்பம் தெரிந்தது. பிடுங்குவதானால் பிடுங்க ஒரு கடப்பாரையும் அதன் அடியில் கிடந்தது. லொறி கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றது. யாரோ என்னிடம் கேட்டார்கள், என்ன நடந்தது என்று. வாழ்நாளில் முதல் தரமாக, கூட்டவும் குறைக்கவும் என்னிடம் ஒன்றும் இல்லை.

"அக்கா," என்றார் அழகர்.  "கால் பட்டுச்சா?"

வீரம்மா இறங்கினாள். மெதுவாக நடந்து கல்லைத் தாண்டி, முதல் தேயிலை மரத்தடியில் படங்கை அவிழ்த்து மண்ணைக் கொட்டினாள். கையைத் தட்டினாள்.

"நான் நம்பல," என்றாள், தம்பியிடம். "ஏறுறப்ப நம்பல. அந்தப் பொலிஸ்காரன் விட்டப்பவும் நம்பல. பேசினு வெடிச்சப்ப, இன்னையோட முடிஞ்சிருச்சுன்னுதான் குனிஞ்சேன்." மூச்சு வாங்கினாள். "மண்ணு முந்திக்கிட்டு ஓடியிருக்கு. காலு பொறகாலதான் வந்து எறங்கியிருக்கு. குதிகாலு மண்ணுல. நாலு விரலு மண்ணுல."

"அஞ்சாவது?"

"சுண்டு விரலு அந்தரத்துல நின்னுச்சு. கீழ வைக்கல அவன். கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரைக்கும் தூக்கியே வச்சிருந்தான்."

"அந்தரம் நம்ம எல்லையா அக்கா?"

"அந்தரத்துல எவன்டா கல்லு நட்டான்?"

தோட்டத்தில் ஒரு ஆள் ஒரு நாள் முழுக்க வேலையில் நின்றால் கங்காணி அவன் பெயரைக் குறிப்பாள். அதற்குப் 'பேர்' என்று பெயர். பாதியில் போனால் அரைப்பேர். வெளியே போனவனுக்கு ஒன்றுமே இல்லை. கூடப் பிறந்த தம்பிக்குக்கூட ஒரு பொய்ப்பேர் போட்டவள் அல்ல வீரம்மா. அவள் துஷாந்தை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வையில் எனக்குக் கிடைத்த வெறுப்பு கொஞ்ச நஞ்சமல்ல.

"இவனுக்கு இன்னைக்கி முழுப்பேரு," என்றாள். "தோட்டத்துலதான் இருந்தான். தோட்டந்தான் கண்டிக்குப் போயிட்டு வந்துச்சு. எறக்கி விடுங்க அவன, வெரல் வலிக்கும். இந்தக் கொண்டக்டரு சொல்லிக் கேட்டிருந்தா செத்தாலும் ஒத்துக்க மாட்டேன். நடந்துச்சு தம்பி. என் கண்ணு முன்னாடி நடந்துச்சு."